பின் இருக்கையின் எண்கள்

ஆகஸ்ட் 2, சனி

தங்கராசு சாரின் வாட்ஸப் செய்தி காலை ஆறேகாலுக்கே வந்துவிட்டது. அவர் எங்கள் பயிற்சியாளர். "மேடம், பன்னிரண்டு வாரப் பயிற்சிப் பதிவு வேண்டும். இரண்டு பேருக்கும் தனித்தனியாக. அக்டோபர் 24-க்குள். தேர்வுக் குழு கேட்கிறது." மாநில அணிக்கான தேர்வுப் பந்தயம் நவம்பர் ஒன்பதாம் தேதி.

எங்களுடையது இரட்டைச் சைக்கிள். ஒரே சட்டத்தில் இரண்டு இருக்கை, இரண்டு ஜோடி பெடல். முன்னால் நான். பின்னால் ரெஜினா, இருபத்தொன்பது வயது, தொண்டாமுத்தூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. ஒன்பது வயதில் ஒரு காய்ச்சலில் அவளுக்குப் பார்வை போய்விட்டது. பார்வையற்றோர் பந்தயத்தில் போட்டியாளர் பின்னால் மிதிப்பார், கண் தெரிந்த ஒருவர் முன்னால் ஓட்டுவார். பதக்கம் கிடைத்தால் இருவருக்கும் உண்டு.

போன வாரம்தான் ஒரு அறக்கட்டளை புதுப் பெடல்கள் கொடுத்தது. யார் எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறோம் என்று தனித்தனியாக அளக்கும். இனி அந்த எண்களை வாங்கிச் சேர்த்து, அலசி, வரைபடமாக்க ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுத்தால் போதும். நூற்பாலையில் பதினாறு வருடமாக நூலின் முறுக்கையும் இழுவையையும் வரைபடமாகப் பார்க்கிறவள் நான். இது ஒரு சாயங்கால வேலை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஒரு சாயங்காலம் போதவில்லை.

முதலில் எடுத்த மென்பொருளுக்கு நீலம் என்று பெயர் வைத்திருக்கிறேன், முகப்பெல்லாம் நீலமாக இருப்பதால். அழகு. என் பயணத்தை ஏற்றினேன், மலைப்பாதை மாதிரி ஏறி இறங்கும் கோடு வந்தது. அடுத்து ரெஜினாவுடையதை ஏற்றினேன். "இதே நேரத்தில் இதே இடத்தில் ஒரு பயணம் ஏற்கெனவே உள்ளது" என்று சொல்லி அழித்துவிட்டது. மறுபடி ஏற்றினேன். இந்த முறை என்னுடையதை அழித்துவிட்டு அவளுடையதை வைத்துக்கொண்டது. ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இரண்டு பெண்கள் இருக்கலாம் என்பது அதற்குத் தெரியாது.

சோறு குழைந்துவிட்டது. வீட்டுக்காரர் அதையே சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.

ஆகஸ்ட் 9, சனி

சிறுவாணி ரோட்டில் நாற்பத்தைந்து கிலோமீட்டர். எதிர்க்காற்று. முன்னால் இருப்பவளுக்குத்தான் காற்று முழுக்க. பின்னால் இருப்பவளுக்கு என் முதுகுதான் சுவர். இதை எந்த மென்பொருள் கணக்கில் எடுத்துக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும்.

டீ குடிக்கும்போது ரெஜினா கேட்டாள்: "இன்னைக்கு என்ற வாட்டு எவ்வளவுக்கா?"

"நூத்தி ஐம்பது சொச்சம்."

"உங்குளுது?"

"அதே மாதிரிதான்."

அவளுடையது நூற்று ஐம்பத்தெட்டு. என்னுடையது நூற்று நாற்பத்தொன்பது. இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

நீலத்தில் ரெஜினாவுக்குத் தனிக் கணக்கு தொடங்கினேன், அழிக்கும் தொல்லை தீரட்டும் என்று. அவளாகவே தொடங்கப் பார்த்தாள். "போக்குவரத்து விளக்கு உள்ள படங்களைத் தேர்ந்தெடு" என்று கேட்டதாம். "அக்கா, நான் ரோபோ இல்லைன்னு நிரூபிக்கறதுக்குக் கண்ணு வேணுமாம்" என்று போனில் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மின்னஞ்சலைப் போட்டு நானே தொடங்கி, அவள் எண்கள் தானாக அதில் போய்ச் சேரும்படி இணைத்துக் கொடுத்தேன். கடவுச்சொல் என்னிடம்.

ஆகஸ்ட் 14, வியாழன்

கடவுச்சொல்லை மறந்துவிட்டேன். ஒன்றரை மணி நேரம் போனது.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ரெஜினாவின் போன் திரையில் இருப்பதையெல்லாம் குரலாகப் படித்துச் சொல்லும். நீலத்தைத் திறந்து என்னிடம் நீட்டினாள். "படம். படம். பொத்தான், பெயரில்லை. படம்" என்றது அந்தக் குரல்.

"பன்னெண்டு வாரமும் இப்படித்தான் இருக்கப்போகுதாக்கா?"

"தேர்வுக் குழுவுக்கு வரைபடம்தான் வேணும் ரெஜி. உனக்கு நான் படிச்சுச் சொல்றேன்ல."

"சொல்லுவீங்க. ஆனா எனக்கும் பாக்கோணும்ல?" என்றாள். கண் தெரியாவிட்டாலும் 'பாக்கோணும்' என்றுதான் எப்போதும் சொல்வாள்.

வேறு தேடுகிறேன் என்றேன். தேடினால் பட்டியல் நீள்கிறது. ஒன்று மாத்திரை டப்பா மாதிரி எல்லாவற்றையும் நாள்வாரியாகப் பிரிக்கிறது. ஒன்றில் ஓய்வு நாள் என்று போட்டால் "சோர்வாக உணர்கிறீர்களா?" என்று ஒரு அழுகிற முகம் வருகிறது. அதை உடனே நீக்கினேன்.

ஆகஸ்ட் 23, சனி

இரண்டாவது: பச்சை. யாரோ தன்னார்வலர்கள் சேர்ந்து செய்த இலவச மென்பொருள். பார்க்க மின்வாரிய ரசீது மாதிரி இருக்கிறது. கோடு கிடையாது, வண்ணம் கிடையாது, வெறும் அட்டவணை. ஆனால் இரட்டைச் சைக்கிள் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பது இதற்குத் தெரிகிறது. இரண்டு பேர் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது.

இந்த வாரச் சராசரி: ரெஜினா 164. நான் 145.

பச்சையின் கணக்கு முறை சரியில்லை என்று நினைக்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆலையில் லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி ஏறுவதற்குள் நடுவில் நிற்க வேண்டியிருந்தது. பஞ்சுத் தூசி இந்த வருடம் அதிகம். அரிசி களையும்போது ஒரு பிடி வாயில் போட்டு மென்றேன். இப்போதெல்லாம் பச்சரிசி என்ன ருசி!

ஆகஸ்ட் 30, சனி

எங்கள் ஆலை ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியின் மேல் சந்தேகம் வந்தால் இடம் மாற்றிப் பார்ப்போம். அதையே செய்தேன். என் பெடல்களைக் கழற்றிப் பின்னாலும் ரெஜினாவுடையதை முன்னாலும் மாட்டினேன். அவளிடம் "சும்மா துடைச்சு மாட்டறேன்" என்றேன். பைபாஸில் நாற்பது கிலோமீட்டர்.

பெடல் தப்பாக இருந்தால் எண்களும் இடம் மாறி வந்திருக்க வேண்டும்.

பின்னால் 167. முன்னால் 143.

ஒரு தடவை செய்த சோதனை போதாது. இன்னொரு முறை செய்ய வேண்டும்.

செப்டம்பர் 6, சனி

செய்தேன். அதே.

செப்டம்பர் 9, செவ்வாய்

மாதவிலக்கு எட்டு நாள் ஆகியும் நிற்கவில்லை. போன மாதமும் இப்படித்தான். பச்சையில் 'உடல்நிலைக் குறிப்பு' என்று ஒரு கட்டம் இருக்கிறது. காலியாக விட்டேன். இதையெல்லாமா எழுதுவது?

செப்டம்பர் 13, சனி

தங்கராசு சார் மைதானத்துக்கு வந்திருந்தார். கூடவே ஒரு பெண், ஹேமாவதி, போலீஸ் அணியில் சைக்கிள் ஓட்டுகிறாள். இருபத்து நான்கு வயது இருக்கும். பேசிக்கொண்டே எங்கள் சைக்கிளின் முன் இருக்கையைத் தொட்டுப் பார்த்தாள்.

"சும்மா பாக்க வந்தாங்க மேடம்," என்றார் சார். "ஒரு அவசரம்னா மாத்தறதுக்கு ஆள் வேணுமில்லைங்களா? தேர்வுக்குப் பத்து நாள் முன்னாடி வரைக்கும் முன்னாடி ஓட்டறவங்கள மாத்தலாம்னு ரூல் இருக்குதுங்க."

"அவசரம் ஒண்ணும் வராது சார்."

பத்தொன்பது வயதில் பல்கலைக்கழக அணியில் நான் மாற்று ஆள். ஐந்து நாள் வேறொரு ஊரில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுவதைப் பார்த்துவிட்டு வந்தேன். அடுத்த வருடம் கல்யாணம். மாற்று ஆள் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

செப்டம்பர் 21, ஞாயிறு

பச்சையைக் கைவிட்டேன். அதன் அட்டவணையைப் பார்த்தாலே தலை வலிக்கிறது. ரெஜினா அதைப் பற்றிக் கேட்டாள். கணினியில் சரியாக இறங்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.

மூன்றாவது: ஊதா. சந்தா கட்டுகிற வகை. இதில் வழவழப்பாக்குதல் என்று ஒரு வசதி. அதைக் கூட்டக் கூட்டக் கோடுகளின் மேடு பள்ளம் குறைகிறது. முழுக்கக் கூட்டினால் என் கோடும் ரெஜினாவின் கோடும் கிட்டத்தட்டத் தொட்டுக்கொள்கின்றன. ஆலையில் பயிற்சிக்கு வந்த பையன் எவனாவது இப்படி ஒரு வரைபடம் கொண்டுவந்திருந்தால் மேசைமேல் விசிறி எறிந்திருப்பேன்.

அவர் எட்டிப் பார்த்தார். பம்ப்செட் மோட்டார் கழற்றி மாட்டுகிறவர். "கோதை, மோட்டார் ஓடுதா இல்லையான்னு கண்டுபிடிக்க இத்தனை மீட்டரா? காதை வெச்சுக் கேட்டா தெரியாதா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம போங்க" என்று கத்திவிட்டேன். அவர் வாசலுக்குப் போய் வெகு நேரம் செருப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

அரை மணி நேரச் சோதனை ஓட்டம். மொத்தம் 313.

"முன்னூத்திப் பதிமூணு!" என்று ரெஜினா கை தட்டினாள். "பிரிச்சா?"

"நூத்தி அம்பத்தாறு, நூத்தி அம்பத்தேழு. சரிபாதி."

அவள் தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே, "அப்புடீங்களா?" என்றாள்.

அக்டோபர் 4, சனி

மழை. வீட்டுக்குள் வைத்தே மிதித்தேன். பதினைந்து நிமிடத்தில் நிறுத்தினேன். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. நெஞ்சில் கட்டும் நாடித்துடிப்புப் பட்டை நம்ப முடியாத எண்ணைக் காட்டுகிறது, பழுது. புதிய பட்டை வாங்க வேண்டும். ஊதா அந்தப் பட்டையின் எண்ணைப் பார்த்துவிட்டு "மிகக் கடினமான பயிற்சி! வாழ்த்துகள்!" என்று பட்டாசு வெடித்துக் காட்டியது.

அக்டோபர் 9, வியாழன்

புதிய பட்டையும் பழுது.

அக்டோபர் 16, வியாழன்

ஊதாவின் அறிக்கைப் பகுதியில் ஒன்று கண்டுபிடித்தேன். இரட்டைச் சைக்கிளுக்கு 'மொத்தத்தைச் சமமாகப் பிரி' என்று ஒரு தேர்வு. மொத்தத்தை மட்டும் அளக்கும் மானி உள்ளவர்களுக்காக வைத்திருக்கிறார்கள். அதை அழுத்தினால் எல்லா வாரமும் இரண்டு பேருக்கும் ஒரே எண். அறிக்கை பதினான்கு பக்கம். அட்டையில் எங்கள் இருவரின் படம்.

இது பொய் இல்லை. மொத்தம் உண்மையான மொத்தம்தான். சைக்கிளுக்கு யார் மிதித்தது என்று தெரியவா போகிறது?

தீபாவளி முடிந்ததும் அனுப்பிவிடலாம்.

அக்டோபர் 19, ஞாயிறு

எழுதத்தான் வேண்டும்.

காலையில் ஆனைகட்டி ஏற்றம். மூன்றாவது வளைவு வரை நன்றாகத்தான் போனோம். பிறகு ரோட்டின் வெள்ளைக்கோடு மங்கியது. காதுக்குள் ஆலை ஓடுகிற சத்தம். கை தானாக இடது பக்கம் திரும்பியிருக்கிறது. அந்தப் பக்கம் பள்ளம்.

"அக்கா! பிரேக்!"

பிடித்தேனா என்று நினைவில்லை. ரெஜினா இரண்டு காலையும் தரையில் ஊன்றி, பின்னாலிருந்து முழுச் சைக்கிளையும் என்னையும் சேர்த்துத் தாங்கி நின்றாள். முன்சக்கரம் மண்ணில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தோம். அவள் என் மணிக்கட்டைத் தேடிப் பிடித்து நாடி பார்த்தாள். தனக்குள் எண்ணிக்கொண்டே இருந்தாள்.

"பட்டை ரெண்டும் ரிப்பேர் இல்லக்கா."

"காலையில சரியா சாப்பிடல. அதான்."

"அக்கா, ஒண்ணு கேக்கறேன். என்றது எவ்வளவு?"

"எது?"

"வாட்டு. நெசமா எவ்வளவு?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவளே சொன்னாள். "நூத்தி எம்பத்திரண்டு. அந்த அரை மணி நேர ஓட்டத்துல. நீங்க நூத்தி அம்பத்தேழுன்னீங்க."

"யார் சொன்னாங்க?"

"நீங்கதான் சொன்னீங்க. என்ற மெயில்ல நீலத்துல கணக்குத் தொடங்கினீங்கள்ல? திங்கக்கிழமைக்குத் திங்கக்கிழமை அது ஒரு மெயில் போடுது. படம் இல்ல, கோடு இல்ல, வெறும் எழுத்து. ஒவ்வொரு ஓட்டமும் இத்தனை கிலோமீட்டர், இத்தனை வாட்டுன்னு. என்ற போன் அழகா படிச்சுச் சொல்லுது. ரெண்டு மாசமா."

"ரெண்டு மாசமா?"

"மொத்தம் முன்னூத்திப் பதிமூணுன்னு நீங்களே சொன்னீங்க. கழிச்சுப் பாக்க எனக்குத் தெரியாதுங்களா?"

நூற்று முப்பத்தொன்று. அந்த எண்ணை இந்த நாட்குறிப்பில்கூட நான் எழுதவில்லை. இப்போதுதான் எழுதுகிறேன்.

"ஏன் ரெஜி அப்பவே கேக்கல?"

"நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் பாத்தேன்." அவள் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலாம். "உங்குளுது கொறையறது எனக்கு மெயில் பாத்துத் தெரியலக்கா. உங்க முதுகுக்குப் பின்னாடிதான உக்காந்திருக்கேன். ஆகஸ்ட்லயே உங்க மூச்சு மாறிடுச்சு. மேடு வந்தா சங்கிலி தளர்றது என்ற காலுக்குத் தெரியும். அதைத் தப்புன்னு நான் நினைக்கல. உடம்புன்னா ஏறும் எறங்கும். ஆனா என்ற நம்பர நீங்க எடுத்து வெச்சுக்கிட்டீங்க. ஒரு குருடிக்கு எதுக்கு நம்பர்னு நெனைச்சீங்களா?"

"இல்ல ரெஜி."

"அப்புறம்?"

மாற்று ஆளாக உட்கார்ந்த நாளிலிருந்து இருபத்திரண்டு வருடக் கதையை ஒரு பாலத்துக் கட்டையில் எப்படிச் சொல்வது? "அந்த சீட்டு போயிடும்னு பயந்தேன்" என்றேன்.

அவள் எழுந்து சைக்கிளைத் தடவிப் பார்த்து நிமிர்த்தினாள். "தள்ளிட்டே போலாம். எறக்கத்துல நீங்க ஓட்ட வேண்டாம்."

ஆறு கிலோமீட்டர் நடந்தோம். வண்டி வரும்போது மட்டும் "ஓரம்" என்றேன்.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. அதிரசம் எண்ணெயில் பிரிந்து போய்விட்டது. ரெஜினாவுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை.

திங்கட்கிழமை. இன்றைக்கும் அவளுக்கு மெயில் போயிருக்கும்.

அக்டோபர் 21, செவ்வாய்

ஊதாவின் பதினான்கு பக்கத்தையும் அழித்தேன். "நிச்சயமாக அழிக்கவா?" என்று மூன்று முறை கேட்டது. மூன்று முறையும் எரிச்சலாக இருந்தது. என் மேல்தான்.

பச்சையைத் திரும்பவும் இறக்கிப் பன்னிரண்டு வாரத்தையும் ஏற்றினேன். வழவழப்பு இல்லை, சரிபாதி இல்லை. இரண்டு வரிசை எண்கள்: ஒன்று 158-இல் தொடங்கி 184 வரை ஏறுகிறது. இன்னொன்று 149-இல் தொடங்கி 122 வரை இறங்குகிறது. உடல்நிலைக் குறிப்பில் எழுத வேண்டியதை எழுதினேன். தேதியோடு.

முதலில் ரெஜினாவுக்கு அனுப்பினேன். "உன் போன் படிக்கிறதா பார். தப்பு இருந்தால் சொல். நீ சரி என்றால்தான் சாருக்கு அனுப்புவேன்."

இரண்டு மணி நேரம் கழித்துப் பதில்: "படிக்கிறது. ஆகஸ்ட் 30 இரண்டு தடவை வந்திருக்கிறது. ஒன்றை எடுங்கள். பிறகு அனுப்புங்கள்."

எடுத்தேன். அனுப்பினேன்.

அக்டோபர் 24, வெள்ளி

அவர் கூட்டிக்கொண்டு போனார். டாக்டரம்மா இரத்தப் பரிசோதனைத் தாளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹீமோகுளோபின் ஆறு புள்ளி எட்டு. பன்னெண்டு இருக்கணும். நீங்க இதோட மலை ஏறினீங்களா?"

"சைக்கிள்ல."

"சைக்கிள்ல! மாசாமாசம் எத்தனை நாள் போகுது?"

சொன்னேன்.

"பச்சரிசி, சாம்பல், இந்த மாதிரி ஏதாவது திங்கணும்னு தோணுதா?"

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். எங்கள் வீட்டு அரிசி ஏன் சீக்கிரம் தீர்கிறது என்று போன மாதம்தான் கேட்டிருந்தார்.

ஸ்கேனில் கர்ப்பப்பையில் கட்டி, பயப்படுகிற மாதிரி இல்லையாம். இரும்புச்சத்து நரம்பு வழியாக ஏற்ற வேண்டும், முதல் தடவை நாளைக்கே. மூன்று மாதம் சைக்கிளைத் தொடக் கூடாது. வீட்டு வாசலில் அவர் வண்டியை நிறுத்திவிட்டு, "மோட்டார்னா கழட்டிப் பாத்திருப்பேன்" என்று மட்டும் சொன்னார். கண் கலங்கியிருந்தது.

அக்டோபர் 27, திங்கள்

தங்கராசு சார் பேசினார். நானே முந்திக்கொண்டு சொன்னேன்: "ஹேமாவதியைப் போட்டுருங்க சார்."

"ரெஜினா மேடமும் அதத்தான் சொன்னாங்க," என்றார். கொஞ்சம் தயங்கி, "நேத்தே."

நேற்றே. ஒரு மணி நேரம் அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கோபம், பிறகு வெட்கம், மறுபடி கோபம். அவளுடைய பந்தயம். அவள் யாரோடு ஓட்டுவது என்று அவள்தான் சொல்ல வேண்டும். தெரிகிறது. தெரிந்தும் தட்டைச் சத்தமாக வைத்தேன்.

நவம்பர் 2, ஞாயிறு

ஹேமாவதிக்கு ரெஜினாவைப் பற்றி எழுதி அனுப்பினேன். வளைவுக்கு முன்னால் எத்தனை நொடியில் சொல்ல வேண்டும், இடது பக்கம் சாயும்போது அவள் கொஞ்சம் தாமதிப்பாள், கியர் மாற்றும்போது "இப்போ" என்று சொல்ல வேண்டும், சும்மா பாராட்டினால் அவளுக்குப் பிடிக்காது. இவையெல்லாம் எந்த மென்பொருளிலும் இல்லை. இரண்டு பக்கம் வந்தது. "ரொம்ப தேங்க்ஸ்ங்க மேடம்" என்று பதில். நல்ல பெண்தான்.

நவம்பர் 9, ஞாயிறு

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். அவர் காலையில் குளித்துவிட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு நின்றார்.

பைபாஸில் ஒரு பக்கத்தை அடைத்திருந்தார்கள். இருபது கிலோமீட்டர், ஒவ்வொரு ஜோடியாக. திரும்பும் இடத்தில் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன். அவர்கள் வந்தபோது முதலில் சத்தம்தான் கேட்டது, இரண்டு சங்கிலியும் ஒரே மாதிரி ஓடுகிற சத்தம். என்னோடு ஓட்டும்போது ரெஜினாவின் தோள் லேசாக ஆடும். இன்றைக்கு ஆடவில்லை. இத்தனை நாள் என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டாம் இடம். முதல் இரண்டு ஜோடிக்கும் தேசியப் போட்டி.

கூட்டம் கலைந்த பிறகு கிட்டப் போனேன். "ரெஜி" என்றேன். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

"ரெண்டாவதாமுங்க" என்றாள்.

"பாத்தேன். ரொம்ப நல்லா இருந்துச்சு."

"சும்மா சொல்லாதீங்க."

"கடைசி மூணு கிலோமீட்டர்ல கொஞ்சம் தொய்ஞ்சுது. அதுக்கு முன்னாடி வரைக்கும் நல்லா இருந்துச்சு."

தலையாட்டினாள். "ஆமா. எனக்கும் தெரிஞ்சுது." பிறகு, "கோவம் போயிடுச்சான்னு கேக்காதீங்க. இன்னும் இருக்குது" என்றாள்.

"கேக்கல."

"அடுத்த ரத்த டெஸ்ட் எப்போ?"

"பதினஞ்சாம் தேதி. சனிக்கிழமை. எட்டரை மணிக்கு."

"நானும் வர்றேன். ரிப்போர்ட்ட என்ற போனுக்கு அனுப்பச் சொல்லுங்க, நான் படிச்சுக்கறேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டாள். "நீங்க படிச்சுச் சொன்னா நம்ப மாட்டேன்."

சரி என்றேன்.